விஷக்கடி மருந்தும் சூரிய மின்சாரமும்

செங்கற்பட்டு ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று போகங்களிலும் வயலில் இறங்கும் குடியானவர் அஞ்சுவன இரண்டு. ஒன்று ஏரியில் நீர் வற்றுதல். மற்றொன்று வரப்பிலே பாம்பு கிடத்தல். முன்னதைப் பற்றி விவசாய இலாகாவினர் எழுதுவது வழக்கமே. பின்னதைப் பற்றி எழுதுவது வைத்திய இலாகாவின் வேலையன்றோ என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் பாம்புக்கடி உழவுத் தொழிலோடு ஒட்டிய விபத்தாகும். 2000-ம் வருஷம் முதல் 2019-ம் வருஷம் வரையில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷமொன்றுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணக்கிட்டிருக்கிறது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். கடிகளிற் பெரும்பகுதி மழைமாதங்களில் நேர்ந்தவை. மாட்டுக்கு வரும் கோமாரிக்கும் அடைப்பானுக்கும் விவசாயப் பத்திரிகையில் இடமுண்டென்றால், மாட்டை ஓட்டுகிறவனுக்கு வரும் ஆபத்துக்கும் இடமிருப்பது நியாயமே.

தமிழ்நாடு சர்க்கார் 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடி விஷத்தைத் தெரிவித்தேயாக வேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்தனர். ஆகையால் இது கிராம அதிகாரிகளின் கவனத்துக்கும் உரிய விஷயமாகும்.

மருந்து பிறக்கும் இடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரைச் சாலையின்மேல் வடநெம்மேலி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1976-ல் ஏற்பட்ட முதலைப் பண்ணையின் வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடைபெறுகிறது. இச்சங்கம் 1978-ம் வருஷத்தில், ரோமுலஸ் விட்டேகர் என்பவரின் முயற்சியாலும் இருளர்களின் ஒத்துழைப்பாலும் தோன்றியது. இருளர்கள் அதற்கு முன்பு பாம்பைப் பிடித்து அதன் தோலை விற்றுச் சீவித்தவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை அறுத்துவிட்டன. பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற யோசனை அப்போதுதான் எழுந்தது.

வனத்துறையாரின் அநுமதி பெற்று அங்கத்தினர்கள் வயல்களிலும் எலி வளைகளிலும் முட்புதர்களிலும் பாம்பு தேடுகிறார்கள். எடுத்துக்கொள்ளப்படும் ஜாதிகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்த பாம்பை மட்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாத காலத்துக்குள் வாரத்துக்கொரு தடவையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைத் தொந்தரவு செய்வதில்லை. எடுத்த விஷத்தை உறையச் செய்து, நீரை வெற்றிடத்தில் இழுத்துப் பொடியாக்குகிறார்கள். சுருட்டை விரியன் சிறு பாம்பாகையால் அதன் விஷப்பொடி ஒரு கிராம் சேருவதற்கு நூற்றுக்கணக்கான தடவை விஷம் எடுக்கவேண்டும் என்பதிலிருந்து இவ்வேலையின் அருமை விளங்கும். இம்மரபினராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வயலில் எலி பிடிக்க இவர்களைக் கூப்பிடும் மிராசுதாரர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

இப்பொடி மும்பை, புனே, ஹைதராபாத் முதலிய இடங்களிலுள்ள மருந்து உற்பத்திச் சாலைகளுக்குப் போகிறது. அங்கே சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடம்பில் ஏற்றப்படுகிறது. குதிரையின் இரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. இரத்தத்தின் தெளிநீரைப் பிரித்துச் சுத்தி செய்தால் விஷமுறிவு மருந்து கிடைக்கிறது. இம்மருந்தில் ஒரு மில்லிலிட்டர் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவற்றின் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கவேண்டும் என்பது விதி. விஷமேறிய ஒருவருக்கு ஆரம்பத்திலேயே 8 முதல் 10 புட்டி வரையில் வேண்டியிருக்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே ஜாதிப் பாம்பானாலும் இடத்துக்கு இடம் விஷத்தின் தன்மை வேறுபடுகிறது. நமது கரையோரப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து ராஜஸ்தானத்திலும் வடகிழக்கு மலைநாடுகளிலும் எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்று ஆராய்ச்சியாளர் குறை கூறுகிறார்கள். நமக்கோ அந்தக் குறை இல்லை. நம் வரப்பில் கிடக்கும் பாம்புக்கு நேரான மருந்து நம்மிடமே பிறந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் போய்த் திரும்பி வருகிறது. அப்படி வந்தது கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கெட்டுப்போகாமலும், இல்லாமற் போகாமலும் பார்ப்பதே நம்முடைய பங்கு.

உஷ்ணம் மருந்துக்குச் சத்துரு

தமிழ்நாட்டில் சர்க்கார் வைத்திய நிலையங்களுக்கு வேண்டிய மருந்துகளை, 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாய் வாங்கி ஜில்லாக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. அதில் குறித்த தொகைக்குள் வேண்டிய மருந்தை வேண்டியபோது கிடங்கிலிருந்து எடுக்கலாம். இம்முறை பிற ராஜ்யங்களாலும் பார்த்துப் பின்பற்றப்பட்டது. ஆகவே மருந்து கிராமத்தை எட்டுவது பெருங்கஷ்டமன்று. எட்டிய பிறகு அதைக் காப்பதே கஷ்டம்.

விஷமுறிவு மருந்து இரு வகையாய் வருகிறது. நீராக வருவதை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிர்ச்சியில் வைக்கவேண்டும். பொடியாக வருவதற்கு அவ்வளவு குளிர்ச்சி தேவையில்லையாயினும் 25 டிகிரிக்கு மேற்படாத இடம் வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும். கத்திரி வெய்யிலில் நமது ஜில்லாவில் வெளி உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. காங்கிரீட்டுக் கூரையின் கீழ் பூட்டிக் கிடக்கும் அறை இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அத்தகைய அறையின் அலமாரியில் பொடியைக்கூட நம்பி வைப்பதற்கில்லை. நீர் மருந்து உஷ்ணத்தில் வலிவிழக்கும், கலங்கிப்போனதை உபயோகிக்கலாகாது.

ஒரு பாம்புக்கடி மருந்தோடு இது முடியவில்லை. நாய்க்கடித் தடுப்பூசி, அரிவாள் வெட்டுக்குப் போடும் ரணஜன்னி ஊசி, குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகள், பிரசவத்தில் உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின், நீரிழிவுக்காரருக்கான இன்சுலின் ஆகிய யாவும் அதே 2 முதல் 8 டிகிரிக்குள் வாழ்பவை. இவற்றுட் சில உறைந்தாலும் கெடும். ரணஜன்னி மருந்து ஒருமுறை உறைந்து உருகினால் பார்வைக்கு நன்றாயிருக்கும், பலன் இராது. ஆகையால் சாதாரண வீட்டுக் குளிர்ப்பெட்டி இவ்வேலைக்கு ஏற்றதன்று. அதன் ஒரு மூலையில் உறையும், கதவோரத்தில் காயும். மேலும் வீட்டுப் பெட்டியென்றால் அதற்குள் தண்ணீர்ப் புட்டியும் பூச்சரமும் மாவுப் பாத்திரமும் குடியேறுவது நம்மவர் சுபாவம். மருந்துப் பெட்டி திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருக்கும் குளிர்ச்சி காலடியில் கொட்டிப் போகிறது.

நீரிழிவுக்காரர் சிலர் இன்சுலின் புட்டியை ஈர மண்ணில் புதைத்த பானைக்குள் வைக்கிறார்கள். குளிர்ப்பெட்டியில்லாத வீட்டில் இது நல்ல உபாயமே. ஆனால் நீர் ஆவியாவதாலன்றோ பானை குளிர்கிறது. கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் நிரம்பியதாகையால் கோவளம் முதல் செய்யூர் வரையுள்ள கரையில் பானையின் பலன் உள்நாட்டில் உள்ளதைவிடக் குறைவு.

கம்பி உண்டு, மின்சாரம் நிற்கும்

ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வைத்திய நிலையங்களுக்கு மின்சாரமே கிடையாதென்று உலக சுகாதார ஸ்தாபனமும் உலக பாங்கும் பிற ஸ்தாபனங்களும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் நிலைமை அவ்வாறன்று. தமிழ்நாட்டில் கம்பி எட்டாத ஆரம்ப சுகாதார நிலையம் அநேகமாய் இல்லை. நமது கஷ்டம் மின்சாரம் நின்றுபோகும் நேரத்தைப் பற்றியது. அந்நேரமோ பெரும்பாலும் மிகவும் வேண்டிய நேரமாகவே வாய்க்கிறது. 2016-ம் வருஷம் டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இப்பகுதிகளில் பல இடங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. புயலும் வெள்ளமும் வரும்போது வளைகளில் நீர் புகுகிறது. பாம்புகள் மேடு தேடி வீட்டுத் திண்ணைக்கும் வைக்கோற் போருக்கும் வருகின்றன. கடியும் கூடுகிறது, கம்பியும் அறுகிறது, சாலையிலும் மரம் விழுந்து கிடக்கிறது. செங்கற்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி மாமல்லபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். செய்யூர்க் கரையிலிருந்து அதைவிட அதிகம். அந்த இரவில் அருகிலுள்ள நிலையத்தில் முதல் பத்துப் புட்டி நல்ல நிலையில் இருந்தால் உயிர் பிழைக்க வழியுண்டு.

டீசல் யந்திரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எண்ணெய் தீர்ந்தால் புயலுக்கு மறுநாள் யார் கொண்டுவருவது? அன்றியும் ஒரு குளிர்ப்பெட்டிக்காக இரவு முழுவதும் பெரிய யந்திரத்தை ஓட்டுவது, ஒரு படி நெல்லைக் கொண்டுபோக லாரி பிடிப்பது போன்றதாகும்.

நேர்சூரியக் குளிர்ப்பெட்டி

சூரிய மின்சாரத்தால் மருந்துக்குக் குளிர்ச்சி ஏற்படுத்தும் முயற்சி 1980-ம் வருஷங்களிலேயே பல தேசங்களில் நடந்தது. அக்காலத்துப் பெட்டிகளில் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் பாட்டரியில் சேர்ந்து, பாட்டரி பெட்டியை ஓட்டியது. தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். பாட்டரியோ மூன்று முதல் ஐந்து வருஷத்தில் செத்துப்போகும். புதிது வாங்கப் பணமின்மையால் நல்ல தகடும் நல்ல பெட்டியும் வீணாய்க் கிடந்த ஊர்கள் அநேகம். சிலவற்றில் பாட்டரி வேறு வீட்டு விளக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தொல்லையை நீக்க வந்ததே நேர்சூரியக் குளிர்ப்பெட்டி. இதில் பாட்டரிக்குப் பதிலாகப் பனிக்கட்டி வேலை செய்கிறது. பகலில் தகட்டு மின்சாரம் நேரே யந்திரத்தை ஓட்டி, பெட்டியின் சுவருக்குள் அடைத்த நீரை உறையவைக்கிறது. இரவிலும் மேகமூட்டத்திலும் அந்தப் பனிச்சுவர் மெல்ல உருகி மருந்தைக் குளிரில் வைத்திருக்கிறது. ஏரியில் நீரைத் தேக்கி மதகு வழியே விடுவது போலவே, இங்கே குளிர்ச்சி தேக்கப்படுகிறது. வெளியே 43 டிகிரி உஷ்ணம் இருக்கையில் வெய்யிலே படாமல் குறைந்தது மூன்று நாள் தாங்கவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய பெட்டிகளுக்கு விதித்த பரீட்சை. நம் சர்க்கார் நிலையங்களில் பரவலாயுள்ள பனிச்சுவர்ப் பெட்டியும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரக் கம்பி மின்சாரம் போதும். எட்டு மணியும் கிடைக்காத நாட்களுக்கு நேர்சூரியப் பெட்டி துணையாக வேண்டும் என்பதே நமது சிபாரிசு.

இங்கு ஒரு கேள்வி எழும். புயல் நாளில் சூரியனும் மறைகிறதே? உண்மை. வடகிழக்குப் பருவமழையில் அடைமழை நாளன்று தகட்டிலிருந்து வழக்கத்தில் நாலில் ஒரு பங்கே கிடைக்கலாம். ஆகையால்தான் கணக்குப் பார்த்து ஏற்பாடு செய்யவேண்டும்.

நமது பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். அதற்கு 100 சதுர அடி மாடி போதும். சிறு நிலையமொன்றில் 9 வாட் விளக்கு எட்டு, ஆறு மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்கும் குறைவு. சிக்கன விசிறி நான்கு, 30 வாட் வீதம் பத்து மணி நேரம் சுழன்றால் 1.2 யூனிட், பழைய 75 வாட் விசிறியானால் அதுவே மூன்று யூனிட். குளிர்ப்பெட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் திணறுவோருக்குப் பிராணவாயு தரும் யந்திரம் சுமார் 350 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் 2.1 யூனிட். மொத்தம் ஐந்து யூனிட்டை ஒட்டி வருகிறது. ஆக 2 கிலோவாட் தகடு வைத்தால் நல்ல நாளில் எட்டு யூனிட் கிடைத்து மிச்சமே நிற்கும். அடைமழை நாளில் இரண்டு யூனிட்டே கிடைத்தால் பெட்டிக்கும் விளக்குக்கும் மட்டும் காணும். அன்று விசிறியை நிறுத்திவிட வேண்டும். மனிதர் புழுக்கத்தைச் சகிப்பர், மருந்து சகியாது. மனிதர் சகிக்க மறந்துவிடுவார்களென்பதால் பெட்டிக்கென்று தனித் தகடும் தனிக் கம்பியும் வைப்பதே உத்தமம்.

சத்தீஸ்கரில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இதே 2 கிலோவாட் அளவில் சூரிய மின்சாரம் ஏற்படுத்தினார்கள். 2017-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, சூரிய மின்சாரமுள்ள நிலையங்களில் இல்லாதவற்றைவிடப் பாதிக்கு மேல் அதிகமான நோயாளிகள் சேர்க்கப்பட்டதாகவும், பிரசவங்கள் ஏறக்குறைய இரு மடங்கு நடந்ததாகவும் கண்டது. இரவில் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை ஜனங்களை அங்கே அழைத்து வந்திருக்கவேண்டும்.

சாண எரிவாயுவையும் சிலர் இங்கே நினைவூட்டுவர். கருவிகளைக் கொதிக்கவைக்கவும் வெந்நீருக்கும் அது நல்லது. குளிர்ச்சிக்கு வேண்டாம்.

கடலோரத்தில் தகடு வைக்கும் முறை

தகடு தெற்கு நோக்கிச் சுமார் 13 டிகிரி சாய்வில் இருக்கவேண்டும். தச்சர் கணக்கில், பத்தடி நீளத் தகட்டின் மேல்முனை கீழ்முனையைவிட இரண்டேகால் அடி உயர்ந்திருந்தால் சரி. மழைமாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இன்னும் ஓரிரு டிகிரி கூட்டினாலும் நன்மையே. தகட்டுக்கும் மாடிக்கும் இடையே அரை அடியேனும் காற்றோட்டம் விடுக. உஷ்ணம் ஏறினால் தகட்டின் விளைவு குறையும். சித்திரை, வைகாசி வெய்யிலில்தான் அதிக மின்சாரம் வரும் என்று நினைப்பது பிசகு.

தென்னங்கீற்று ஒன்றின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால் அதனோடு வரிசையாய்க் கோத்த மற்றத் தகடுகளின் விளைவும் குன்றும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடிமேல் நின்று நிழல் பார்த்த பிறகே இடம் குறிக்கவேண்டும். உப்புக்காற்று சாதாரண இரும்பை இரண்டு மழைக்குள் தின்றுவிடுமாகையால் தாங்கிகள் துத்தநாக முலாம் பூசியனவாகவோ அலுமினியமாகவோ, ஆணிகள் துருப்பிடியா எஃகாகவோ இருக்கட்டும். வெறும் கல்லை மேலே வைத்துப் பாரம் கொடுத்து நிறுத்தியவை புயலில் பறக்கும். தளத்தோடு துளையிட்டு முறுக்கியவையே நிற்கும். ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு ஆணியையும் முறுக்கிப் பார்க்கவேண்டும்.

வாரத்துக்கொருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் துடைத்தால் போதுமானது. கிணற்று நீர் உப்பாயிருந்தால் அது காய்ந்து வெண்படலம் கட்டும். உச்சி வெய்யிலில் சூடேறிய கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றுவது கூடாது.

இவை யாவும் எளிய வேலைகள். எளியவையாதலால் யாரும் செய்வதில்லை. குத்துவிளக்கேற்றித் திறந்துவைத்த தகடு ஆறு மாதத்தில் காக்கை எச்சத்தால் மூடிக் கிடப்பதைக் காணும்போது வருத்தமாயிருக்கிறது. தகடு துடைக்கும் ஆளின் பெயரை ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தாலன்றி இது நடவாது என்பது என் எண்ணம்.

மிராசுதாரரும் கிராம அதிகாரியும் செய்யத்தக்கவை

மே 1-ந் தேதி, ஆகஸ்டு 15-ந் தேதி கிராமசபைக் கூட்டங்கள் மழைக்கு முன்னே வருவதால் இவ்விஷயத்தைப் பேசத் தக்கவை. நமது சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை புட்டி, அது பொடியா நீரா, பெட்டியின் உஷ்ணக் குறிப்பு காலை மாலை இரு வேளையும் எழுதப்படுகிறதா, மின்சாரம் நின்றால் மருந்து எங்கே போகிறது என்று கேட்பது குற்றம் காண்பதாகாது. மருந்து இருந்தும், கொடுக்கத் தயங்கி நோயாளியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க மின்சாரமோ யந்திரமோ வேண்டியதில்லை: சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். அத்தகைய கண்ணாடிக் குழாய் நிலையத்தில் இருக்கிறதா என்பதும் கேட்கத்தக்கது. பிளாஸ்டிக் குழாயில் இப்பரீட்சை சரிவராது.

பொதுமக்கள் ஒரு பங்கு செலுத்த, எஞ்சியதைச் சர்க்கார் ஏற்கும் 'நமக்கு நாமே' போன்ற திட்டங்களின்கீழ்த் தகட்டுக்கும் பெட்டிக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். கோயில் திருவிழாவுக்கு உபயம் எழுதும் குடும்பங்கள் இதற்கும் ஓர் உபயம் எழுதத் தயங்கமாட்டா.

சூரிய சக்தி நோய் வந்தபின் மட்டுமல்லாமல் வருமுன்னும் உதவும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் இடங்களில் பம்பு போடுவதற்கு நள்ளிரவில் வரப்பில் நடக்க நேர்கிறது. அவ்வேளையில்தான் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரை தேடித் திரிகின்றன. 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின்கீழ் வேளாண் பொறியியல் இலாகா மானியத்துடன் சூரிய பம்புகள் அமைத்துத் தருகிறது. சூரிய பம்பு காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணிவரை இறைப்பதால் இரவு நடை நின்றுபோகிறது. டீசல் மிச்சத்தையும் மானியத்தையும் பற்றிப் பேசுவோர் இந்த லாபத்தைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

களத்துமேட்டில் காவல் படுப்போர் தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுக்கவேண்டும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தூக்கத்தில் நேர்வது, வலிப்பதேயில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியென்றும் கண் இமை தூக்க முடியவில்லையென்றும் ஒருவர் சொன்னால் கடித்த தழும்பைத் தேடிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வலையில் வரும் கடற்பாம்பின் விஷத்துக்கு மேற்கூறிய மருந்து வேலை செய்யாது. அதற்கு மூச்சும் சிறுநீரும் நிற்காமல் காக்கும் சிகிச்சையே வேண்டுமாதலால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே முறை.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவும் உறிஞ்சவும் வேண்டாம். கயிற்றால் இறுகக் கட்டினால் அவயவமே அழுகக்கூடும். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கை முறிந்தால் வைப்பது போலக் கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், காப்பு, மெட்டி இவற்றைக் கழற்றிவிட்டு 108-க்குத் தெரிவிக்கவேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோவதில் நேரம் வீணாவதுடன் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு. கடித்த மணியையும், முதலில் கண்ட குறியையும், அது கண்ட மணியையும் ஒரு சீட்டில் எழுதி உடன் செல்பவரிடம் கொடுத்தனுப்புக. நிலையத்து வைத்தியர் முதலிற் கேட்பது அதுவே.